தண்ணி பில் எகிறினால் முதலில் மீட்டரைப் பாருங்கள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் (எங்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) பிளம்பர் வேலை செய்கிறேன். பில் எகிறியவர்கள் கௌண்டரில் சண்டை போட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் என்னிடம் வருவார்கள். "மீட்டர்தான் கோளாறு தம்பி, வீட்டில ரெண்டே பேரு, இவ்வளவு தண்ணி எங்க போகும்?" என்பார்கள்.

மண்ணுக்குள்தான் போகும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1,440 லிட்டர், மாதத்துக்கு 43 கனமீட்டர். சிலாங்கூரில் 2024 பிப்ரவரியில் வந்த வீட்டுக் கட்டணப்படி முதல் 20 கனமீட்டருக்கு கனமீட்டர் 65 சென்னாக இருந்தது. 35-ஐத் தாண்டினால் 2 வெள்ளி (ரிங்கிட்) 63 சென்னாக இருந்தது. நாம் புழங்குவது கீழ்ப்படியிலேயே அடங்கிவிடும். கசிவும் சேர்ந்தால் மேல்படி விலைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் பில் இப்படிக் குதிக்கிறது.

மீட்டர் வரைக்கும் உள்ள பைப்பு தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டினால் நம்முடையது. இது தெரியாமல் "மீட்டர் தப்பு" என்று எழுதிக் கொடுத்தால் மீட்டரைச் சோதிப்பார்கள். சரியாக ஓடுகிறது என்று முடிவு வந்தால் சோதனைக் கட்டணம் பெரும்பாலும் நம் தலையில்தான். அதற்குள் அடுத்த பில்லும் வந்துவிடும்.

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முகத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. அப்புறம் வீட்டுக்குள் போகும் வால்வை மூடுங்கள். சக்கரம் நின்றால் கோளாறு உள்ளே: கக்கூஸ் தொட்டி, கூரைத் தொட்டியின் மிதவை, சுவருக்குள் போகும் பைப்பு. அப்போதும் சுற்றினால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே, மண்ணுக்கடியில். கசிவு மிகச் சிறியது என்றால் சக்கரம் அசைவது கண்ணுக்குத் தெரியாது. படுக்கப் போகும்போதும் விடிந்ததும் சிவப்பு எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தண்ணீர் அழுத்தம் கூடும், கசிவும் கூடும்.

பில்லில் 'அங்காரான்' (மலாயில் உத்தேசக் கணக்கு) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட் பூட்டியிருந்தால் உத்தேசமாகப் போட்டிருப்பார்கள். பிறகு சரியாகப் படிக்கும்போது மொத்தமாக வந்து விழும். அது கசிவே இல்லை.

தோட்டத்து வீடுகளிலும் பழைய தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) இரும்பு பைப்பு துருப்பிடித்துக் கிடக்கிறது. தண்ணீர் மேலே வராமல் பக்கத்துக் கால்வாய்க்குள் இறங்கிவிடும். மழையில்லாத நாளிலும் கால்வாய் ஓடினால் சந்தேகப்படுங்கள். அந்த மாதிரி பைப்பில் ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். அதைக் கைவிட்டுச் சுவரோரமாகப் புது பாலிபைப்பு (பிளாஸ்டிக் பைப்பு) போடச் சொல்வேன். அடுத்த முறை ஒழுகினால் கண்ணால் பார்க்கலாம்.

குழியை மூடும் முன் படம் எடுங்கள். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி போட்ட ரசீது, பழுதுக்கு முன்னும் பின்னும் மீட்டர் எண், பழைய பில்கள் எல்லாம் சேர்த்து மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவார்கள். கசிவு இருந்தது, இந்தத் தேதியில் சரிசெய்துவிட்டோம், கூடுதல் தொகையில் கழிவு வேண்டும், மிச்சத்தைத் தவணையில் கட்டுகிறோம் என்று கேளுங்கள். கழிவு அவர்கள் மனது வைத்துத் தருவது, அதட்டிக் கேட்டால் கிடைக்காது. கோபத்தில் பில்லே கட்டாமல் விட்டால் இணைப்பை வெட்டிவிடுவார்கள். வழக்கமாகக் கட்டும் அளவையாவது கட்டுங்கள்.

புகார் எண்ணை வாங்கி வையுங்கள். நிறுவனம் பதிலே சொல்லவில்லை என்றால் தண்ணீர் சேவை நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஸ்பான் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே அந்த எண் தேவைப்படும்.