மைலோமா: முதுகுவலி மாத்திரையிலிருந்து அவசரப் பிரிவு வரை

புற்றுநோயாளிகள் எந்த வழியாக நோயறிதலுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகக் கணக்கெடுக்கிறார்கள். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அவசரப் பிரிவு வழியாக வருகிறார். குடும்ப மருத்துவர் அனுப்பி வந்தவர்களைவிட இவர்களில் முதல் ஆண்டைத் தாண்டுபவர்கள் குறைவு.

வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோயான அக்யூட் லுக்கேமியாவும் அவசரப் பிரிவுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் சில வாரங்களிலேயே முற்றும் நோய் அது. தாமதம் என்று யாரையும் குறை சொல்ல முடியாது. மைலோமா அப்படியல்ல, மாதக்கணக்கில் தடயம் விட்டுக்கொண்டே வரும்.

விடாத முதுகுவலி, சோர்வு, திரும்பத் திரும்ப நிமோனியா. "வயசானா வலிக்கத்தானே செய்யும்" என்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதில்தான் வினை. மைலோமா செல்கள் சுரக்கும் லைட் செயின் புரதம் சிறுநீரக நுண்குழாய்களை அடைக்கும். வலி மாத்திரை அங்கே ரத்த ஓட்டத்தைக் குறைத்துச் சேதத்தை விரைவுபடுத்தும். எலும்பு கரைந்து கால்சியம் ஏறினால் வாந்தி, நீர்வறட்சி, குழப்பம். கீமோ தொடங்கும் முன்பே டயாலிசிஸ் தேவைப்படலாம்.

60 வயதைத் தாண்டியவருக்கு எலும்புவலி, குறிப்பாக முதுகுவலி, விடாமல் இருந்தாலோ காரணமின்றி எலும்பு முறிந்தாலோ ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கால்சியம், ஈ.எஸ்.ஆர் (ரத்த அணுக்கள் படியும் வேகம்) பார்க்கச் சொல்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2015 வழிகாட்டி. கூடவே சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினும் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் பழைய கல்லீரல் பரிசோதனைச் சீட்டு இருந்தால் எடுங்கள். மைலோமா செல்கள் சுரக்கும் புரதம் குளோபுலின் கணக்கில்தான் சேரும். மொத்தப் புரதம் 9, அல்புமின் 3 என்றால் குளோபுலின் டெசிலிட்டருக்கு 6 கிராம். வழக்கமாக 2 முதல் 3.5 வரைதான் இருக்கும். இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே பல சீட்டுகள் கோப்புக்குள் போய்விடுகின்றன. காசநோய், கல்லீரல் நோயிலும் குளோபுலின் ஏறும் என்பதால் அடுத்து வேண்டியது ரத்தப் புரதங்களை வகைவாரியாகப் பிரித்துக் காட்டும் புரத எலக்ட்ரோஃபோரிசிஸ். அதோடு நிறுத்தக் கூடாது: லைட் செயின் மட்டும் சுரக்கும் மைலோமாவில் அது இயல்பாகவே வரலாம். ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் அளவும் தேவை. சிறுநீர்ப் பட்டைச் சோதனை அல்புமினைத்தான் காட்டும், லைட் செயினைத் தவறவிடும். எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிய எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்காவது போயிருக்க வேண்டும். 'எக்ஸ்ரே நார்மல்' என்பதில் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள் கொள்ளுங்கள். அப்போது நேராக அவசரப் பிரிவுக்கே போக வேண்டும், அன்றே எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும்.