இனாகுலேஷன்: உறையிடுதல்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும் சொல் இனாகுலேஷன். பாக்டீரியா தின்று பெருகுவதற்கென்று தயாரித்த சத்து நீரிலோ, அதை ஜெல்லிபோல் கெட்டியாக்கிய அகார் தட்டிலோ துளியளவு பாக்டீரியாவை விடுவதற்கு அந்தப் பெயர். விடுகிற துளி இனாகுலம். தமிழில் எழுதும்போது பலர் 'உட்செலுத்துதல்' என்று போட்டுவிடுகிறார்கள். படித்தால் ஊசி குத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. விட்டது அங்கே பெருகும் என்ற பொருள் அந்தச் சொல்லில் இல்லை.

மூலச் சொல்லில் அது இருக்கிறது. லத்தீனில் 'ஓகுலுஸ்' என்றால் கண். செடியின் மொட்டுக்கும் அதே பெயர். ஒரு மரத்து மொட்டை எடுத்து இன்னொரு மரத்தின் பட்டைக்குள் வைத்து ஒட்டுக் கட்டுவது 'இனோகுலாரே'. நம் கரும்புக் கரணையிலும் முளை வரும் இடத்தைக் கண் என்றுதானே சொல்கிறோம்! 18ஆம் நூற்றாண்டில், பெரியம்மைக் கொப்புளத்து நீரை நோய் வராதவர் தோலைக் கீறி வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியபோது, தோட்டத்துச் சொல் மருத்துவத்துக்குப் போனது. அப்புறம் ஆய்வகத்துக்கு வந்தது.

இதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. 'உறை' இருக்கிறது.

காங்கேயம் பக்கம் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) தயிருக்கு உறை ஊற்றுவதைச் சின்ன வயதில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எருமைப் பாலைப் பொங்கக் காய்ச்சுவார். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முந்தின நாள் தயிரில் கரண்டி நுனியளவு எடுத்து விட்டுப் போசியை மூடுவார். நான் கை நீட்டினால், "தொடாத கண்ணு, கெட்டுப் போயிரும்" என்பார். பிற உயிர்களைக் கொன்று, சூட்டைப் பதமாக்கி, வேண்டியதை மட்டும் விட்டு, மூடி, அசைக்காமல் வைப்பது. ஆய்வக முறையின் சாரமே இதுதான்.

சொல்லும் பழையது. புறநானூறு 276இல் மதுரைப் பூதன் இளநாகனார் ஒரு வீரனைப் பாடுகிறார். ஆய்மகள் (இடையர் வீட்டுப் பெண்) நகத்தால் தெறித்த சிறு உறை குடப்பால் முழுவதையும் மாற்றிவிடுவதுபோல, ஒரே ஆளாக நின்று பகைப்படை முழுவதற்கும் அவன் நோயானான் என்கிறார். 'குடப்பால் சில்லுறை' என்பது அவர் தொடர். துளி உறை, பெரிய குடம், எங்கும் பரவும் நோய் மூன்றும் ஒரே உவமையில் நிற்கின்றன. இனாகுலத்துக்கு 'உறை' என்று எழுத எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சரி, ஆய்வகத்தில் எப்படி உறையிடுகிறோம்? முதலில் ஊடகத்தை, அதாவது அந்தச் சத்து நீரையோ அகாரையோ, ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வேகவைக்கிறோம். வீட்டு பிரஷர் குக்கரின் தத்துவமேதான். மேசையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, பர்னர் சுடருக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறோம். நுனி வளையமான கம்பியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறோம். இதற்கு உறைக்கம்பி என்று பெயர் வைக்கலாம். புதிதாக வரும் பிள்ளைகள் ஆறும்வரை பொறுப்பதில்லை. 'சுர்ர்' என்று சத்தம் கேட்டால் உறை செத்துவிட்டது என்று அர்த்தம்.

தயிர் உறையில் பலவகை பாக்டீரியா கலந்திருந்தாலும் பாதகமில்லை. ஆய்வகத்தில் ஒரே இனம் தனியாக வேண்டும். அதற்குத்தான் கீற்றிடுதல். நிலக்கடலையின் வேர் முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவைப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். வேரில் உருண்டையான ஒரு முடிச்சை எடுத்து, மேற்பரப்பைக் கிருமிநீக்கி, தூய நீரில் பலமுறை கழுவி நசுக்குகிறோம். நல்ல முடிச்சானால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சாற்றைத் தொட்டு, காங்கோ சிவப்புச் சாயம் கலந்த அகார் தட்டின் ஒரு ஓரத்தில், அகார் கிழியாமல் மெல்லக் கீற்றுகள் இழுக்கிறோம். கம்பியை மறுபடி காய்ச்சி ஆறவிட்டு, பழைய கீற்றின் விளிம்பை மட்டும் தொட்டுத் தட்டின் அடுத்த பகுதியில் இழுக்கிறோம். இப்படி நான்கு முறை. கடைசிப் பகுதிக்கு வரும்போது பாக்டீரியா ஒன்றுக்கொன்று தள்ளி விழும். ஒவ்வொன்றும் பெருகித் தனித்தனிப் புள்ளியாக எழும். அதுதான் காலனி. ரைசோபிய வகைகள் சாயத்தை அவ்வளவாக ஏற்காமல் வெளுப்பாகத் தெரியும். கடலை வகை மெதுவாகத்தான் வளரும், ஒரு வாரம்கூட ஆகும்.

தட்டைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மூடியில் கோத்த நீர் சொட்டிக் காலனிகள் கலந்துவிடும். பள்ளி ஆய்வகமானால் 37 டிகிரியில் வளர்க்க வேண்டாம், அது நம் உடம்புச் சூடு. இன்னதென்று தெரியாதது வளர்ந்த தட்டைத் திறக்கவே கூடாது. வேலை முடிந்ததும் ஆட்டோகிளேவில் கொன்றுவிட்டுத்தான் குப்பைக்கு.

விதையில் ரைசோபியம் ஏற்றுவதும் ஆங்கிலத்தில் இனாகுலேஷன்தான். ஆனால் நம் விவசாயிகள் உயிர் உரத்தை ஆறின கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டிவிட்டு 'விதை நேர்த்தி' என்கிறார்கள். அந்தச் சொல் அங்கே அப்படியே இருக்கட்டும். தடுப்பூசி என்ற பொருளில் வந்தால் தடுப்பூசி என்றே எழுதலாம். ஆய்வகத்தில் மட்டும் இனாகுலம் உறை, இனாகுலேஷன் உறையிடுதல். தட்டில் தனித்து நிற்கும் அந்த வெளுத்த காலனியைக் கம்பி நுனியில் தொட்டுப் புதுக் குழாயில் விட்டால், அது அடுத்த வளர்ப்புக்கு உறை.