பாம்புத்தாரா ஏன் நனைகிறது?

அவனியாபுரத்தை அடுத்த சாமநத்தம் கண்மாய்ப் பக்கம் தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கிப் பறவை பார்த்துவந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விடிகாலையில் புள்ளிமூக்கு வாத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டவில்லை. அதே தண்ணீரில் முங்கிய பாம்புத்தாரா மட்டும் தொப்பலாக நனைந்து, பட்ட கருவேல மரத்தில் ஏறி இறக்கையைக் காயப்போடுகிறது. அதற்கு எண்ணெய்ச் சுரப்பி கிடையாதாமே?"

சுரப்பி இருக்கிறது. இல்லை என்பது நெடுநாளாகச் சுற்றும் கதை. வாலடியில் சுரக்கும் எண்ணெய் இறகைப் பதமாக வைத்திருக்கும், சரி. ஆனால் தண்ணீரைத் தடுப்பதில் பெரும்பங்கு இறகின் அமைப்புக்குத்தான்.

நடுத்தண்டு, அதன் இருபுறமும் இழைகள், இழைகளில் கிளையிழைகள், அவற்றில் கொக்கிகள். இது பள்ளிப் பாடம். கோழி இறகு ஒன்றை விரலால் பிரித்துவிட்டு நுனியை நோக்கி நீவுங்கள், பிரிந்த இடம் மறுபடி கூடிக்கொள்ளும். எனக்குப் பிடித்த சங்கதி, அந்த இழைகளுக்கு நடுவில் இருக்கும் சந்து. குடைத்துணியை வெளிச்சத்தில் பிடித்தால் பொடி ஓட்டைகள் தெரியும், ஆனாலும் மழை உள்ளே இறங்காது. தண்ணீரின் பரப்பு இழுவிசை சந்தின் மேல் தோல்போல் இழுத்துப் பிடித்து நிற்கிறது. சந்து குறுகக் குறுக, அதைக் கிழித்து நுழையத் தண்ணீருக்கு அதிக அழுத்தம் வேண்டும். வாத்தின் இறகில் சந்து நெருக்கம். அதனால் சொட்டு வழுக்கி ஓடுகிறது, அடியில் காற்றும் தங்கிவிடுகிறது. பாம்புத்தாராவின் இறகிலோ தண்ணீர் எளிதில் புகுந்து தோல்வரை போய்விடும்.

இது குறைபாடு போலத் தெரியும். அப்படி இல்லை! இறகுக்குள் காற்றை வைத்துக்கொண்டு முங்கினால் உடம்பு மேலே மேலே வரப் பார்க்கும், அதை அமுக்கக் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாம்புத்தாரா நீர்க்காகம் மாதிரி மீனைத் துரத்துகிற பறவை இல்லை. நீருக்கடியில் மெதுவாக நகர்ந்து, பதுங்கி, பக்கத்தில் வரும் கெண்டையைக் குத்துகிற பறவை. காற்று வெளியேறி, எலும்பும் கனமாக இருப்பதால், உதைக்காமலே மூழ்கிக் கிடக்க முடிகிறது. கழுத்தின் எட்டாவது எலும்பருகே ஒரு மடிப்பு உண்டு. அது சட்டென்று நிமிரும்போது அலகு ஈட்டியாகப் பாய்கிறது. மேலே வந்ததும் குத்திய மீனை உதறி விடுவித்து, தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும்.

நீர்க்காகம் இடைவழியில் போகிறது. பெரிய நீர்க்காகத்தின் இறகில் ஓரம் நனையும், நடுப்பகுதி நனையாது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடம்பை ஒட்டிக் கொஞ்சம் காற்று தங்குவதால் குளிர் நீரிலும் அதற்குப் பிழைப்பு நடக்கிறது. தோல்வரை நனையும் பாம்புத்தாராவுக்கு அந்தச் சலுகை இல்லை. உடல் சூடு விரைவில் போய்விடும், அதனால் அந்தக் குடும்பமே வெப்ப நாடுகளை விட்டு அதிகம் போவதில்லை. இறக்கை விரிப்பது காயவைக்க மட்டுமல்ல, வெயில் காயவும்தான். அதன் அமெரிக்க உறவுக்காரப் பறவை சூரியனுக்கு முதுகைக் காட்டி விரித்து நிற்கும். அடுத்த முறை போகும்போது நம்மூர்ப் பறவை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் தண்ணீருக்கு நடுவே ஏறி நிற்க ஒரு மரம் வேண்டும். கண்மாயை அழகுபடுத்துகிறோம் என்று நடைபாதையும் வண்ண விளக்கும் போடுபவர்கள் முதலில் வெட்டுவது அந்தப் பட்ட மரத்தைத்தான். என்னைக் கேட்டால், விளக்குக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கை உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் கையில் இருநோக்கியும் நோட்டும் கொடுத்து, வருடம் முழுக்கக் கணக்கெடுக்கச் செலவிடலாம்.