பார்க்காத புலியை எப்படி எண்ணுகிறார்கள்?

"புலிக் கணக்கெடுப்பில் ஒரே புலியை இரண்டு தடவை எண்ணிவிட மாட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒரே புலியை இரண்டு தடவை பார்த்தாக வேண்டும். அப்போதுதான் கணக்கே போட முடியும் என்பதுதான் பதில். இந்த முறையை இந்தியக் காடுகளில் நிலைநிறுத்தியவர் கர்நாடகத்தைச் சேர்ந்த உல்லாஸ் காரந்த்.

காரந்த் முதலில் படித்தது சுரத்கல்லில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். காட்டின் மீதிருந்த பற்றில் அந்தத் தொழிலை விட்டுவிட்டு, புளோரிடா பல்கலைக்கழகத்தில் வனவிலங்குச் சூழலியலில் முதுகலை முடித்தபோது வயது நாற்பதை ஒட்டியிருந்தது. கர்நாடகத்திலுள்ள நாகரஹொளே காடுதான் அவருடைய ஆய்வுக்களம். 1990 வாக்கில் அங்கே புலிகளுக்கு ரேடியோ காலர் மாட்டி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தார். 2012-ல் பத்மஸ்ரீ.

அந்தக் காலத்தில் புலியை எண்ணக் கால்தடம்தான் வழி. இடது பின்னங்கால் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்துகொள்வார்கள். வரைபடங்களைப் பார்த்தே 'இது இந்தப் புலி' என்று முடிவு செய்வார்கள். ஈர மண்ணில் ஒரு மாதிரி, புழுதியில் வேறு மாதிரி பதியும் தடத்தை வைத்து ஆள் அடையாளம் சொல்ல முடியாது என்று காரந்த் 1980-களிலேயே எழுதினார். பலர் ரசிக்கவில்லை. 2005-ல் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது வெளியே வந்தபோதுதான் பழைய முறை ஆட்டம் கண்டது.

தடத்துக்குப் பதில் அவர் எடுத்துக்கொண்டது வரிகளை. எந்த இரண்டு புலிக்கும் ஒரே வரி கிடையாது. அது மட்டுமல்ல, ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. அதனால் காட்டுப்பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒரு ஜோடி கேமராவைக் கட்டுகிறார்கள். புலி குறுக்கே வந்ததும் இரண்டும் சேர்ந்து படமெடுக்கும். விலாவில் ஒரு வரி எங்கே இரண்டாகப் பிரிகிறது, தொடையில் எந்த இடத்தில் வளையம்போல் மூடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

சரி, எல்லாப் புலியும் கேமரா முன்னால் வந்து நிற்குமா? நிற்காது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. உதாரணத்துக்கு, முதல் சுற்றில் 10 புலிகள் சிக்கின. இரண்டாம் சுற்றில் 12. அவற்றில் 6 ஏற்கெனவே பார்த்தவை. அதாவது இரண்டாம் சுற்றில் வந்தவற்றில் பாதி நமக்குத் தெரிந்த முகங்கள். அப்படியானால் முதல் சுற்றில் நாம் பிடித்ததும் காட்டிலுள்ள புலிகளில் ஏறக்குறைய பாதியாகத்தான் இருக்கும். 10 என்பது பாதி என்றால் மொத்தம் 20. நாம் பார்த்த வெவ்வேறு புலிகள் 16 மட்டுமே. மீதி 4 எந்தப் படத்திலும் இல்லை, ஆனால் கணக்கில் இருக்கின்றன! அந்த 12-ல் பழைய முகங்கள் 2 மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 60 ஆகிவிடும். கேமராவில் விழுந்தது இரண்டு சுற்றிலும் அதே 10, அதே 12. திரும்பி வந்தவை எத்தனை என்பதுதான் விடையை மாற்றுகிறது.

டென்மார்க்கின் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீன்களுக்குப் பயன்படுத்திய தர்க்கம் இது. காரந்த் இதைக் கேமராவோடு சேர்த்து 1995-ல் நாகரஹொளே புலிகளுக்குப் பொருத்திக் காட்டினார். நிஜத்தில் இன்னும் சிக்கல் உண்டு. ஆண் புலி பெரிய பரப்பில் சுற்றும், அதனால் அடிக்கடி சிக்கும். பெண் புலிக்கு எல்லை சிறியது. இடையில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு கணக்கைக் குழப்பக் கூடாது, எனவே வேலையைச் சில வாரங்களில் முடித்தாக வேண்டும். அமெரிக்கப் புள்ளியியல் சூழலியலாளர் ஜிம் நிக்கோல்ஸோடு சேர்ந்து இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்து, 1998-ல் நான்கு காடுகளின் கணக்கை வெளியிட்டார். 100 சதுர கிலோமீட்டருக்கு பெஞ்ச்சில் சுமார் 4 புலிகள், காசிரங்காவில் சுமார் 17.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? இரைதான் காரணம். ஒரு புலி வருடத்துக்கு மான், காட்டெருமை போன்றவற்றில் சுமார் 50 அடிக்கும். இரைக்கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஒரு வருடத்தில் புலிகள் எடுக்கின்றன என்பதால், ஒரு புலி வாழ ஏறக்குறைய 500 விலங்குகள் இருக்க வேண்டும். இரையின் எண்ணிக்கையை வைத்துப் புலியின் அடர்த்தியை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று காரந்தின் குழு 2004-ல் காட்டியது. கண்ணி வைத்து மான்களைத் தீர்த்துவிட்டால், ஒரு புலியைக்கூடச் சுடாமலே புலிக்காட்டைக் காலி செய்துவிடலாம்.

கேமரா முறை இப்போது தேசியக் கணக்கெடுப்பிலும் இருக்கிறது. 2022 கணக்கில் நாட்டில் குறைந்தது 3167 புலிகள் என்றார்கள். கேமரா வைக்காத காடுகளுக்கும் அந்தக் கணக்கை நீட்டிய விதம் சரிதானா என்று காரந்தும் அவரோடு வேலை செய்தவர்களும் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு மரியாதை தர வேண்டும் என்பது என் கருத்து. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த தரவு. வேட்டைக்காரனுக்கு உதவும் இட விவரங்களை மட்டும் மறைத்துவிட்டு, மற்றதை ஆய்வாளர்கள் எவரும் எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும்.