கேக் பெட்டியில் எழுதாதது: வன்னி வெயிலில் பழக் கேக் செய்யும்போது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இப்போது பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் கேக் மிக்ஸ் பெட்டிதான். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் பார்சலில் சொக்லேட்டோடு ஒன்றிரண்டு பெட்டி கிடக்கும், டவுன் கடைகளிலும் வாங்கலாம். முட்டை, எண்ணெய், தண்ணீர் சேர்த்து அடித்தால் ஒரு மணித்தியாலத்தில் கேக் தயார். வேலைக்குப் போய் வரும் தாய்மாருக்கு இதைவிட லேசான வழி இல்லை, செய்யுங்கள். ஆனால் அந்தச் செய்முறையை எழுதியவர்கள் குளிர் தேசத்துக் குசினியை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். காண்டாவன வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கேக் அடிப்பவருக்குத் தேவையான சில விஷயங்கள் அதில் இருக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வீடு, கடை என்று ஏறி இறங்குகிறவன் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலாவதித் திகதி. அமெரிக்கப் பெட்டியில் மாதம் முன்னுக்கு வரும், லண்டன் பெட்டியில் நாள் முன்னுக்கு வரும், அதனால் 05/06 என்பது ஒன்றில் மே 6, மற்றதில் ஜூன் 5. கனடாப் பெட்டியில் மாதத்தை இரண்டு எழுத்தில் போடுவார்கள், எம்.ஏ என்றால் மே, எம்.ஆர் என்றால் மார்ச், ஜே.என் ஜூன், ஜே.எல் ஜூலை. எம்.ஏ-யை மார்ச் என்று வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். திகதி கடந்தால் கேக் சரியாகப் பொங்காமல் போகலாம், அது சின்ன விஷயம். பெரிய விஷயம், உடைத்து வைத்த மாவில் நம்முடைய சூட்டுக்கும் ஈரப்பதனுக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் பெருகும். இழுப்பு, ஒவ்வாமை உள்ள சிலருக்கு அந்த மாவில் செய்த உணவைச் சாப்பிட்டதும் மூச்சுத் திணறல் வரலாம், வேகவைத்தாலும் அந்த ஒவ்வாமைப் பொருள் முழுதாக அழியாது. ஆகவே உடைத்த பெட்டியில் மிச்சம் வைக்காதீர்கள், வைத்தால் காற்றுப் போகாத போத்தலில் போட்டு பிரிட்ஜுக்குள்.

அடித்த கலவையைப் பிள்ளைகள் விரலால் வழித்து நக்குவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். தயவுசெய்து விடாதீர்கள். பச்சை முட்டையில் சல்மொனெல்லா இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும், பச்சை மாவிலும் கிருமி இருக்கும் என்பது தெரியாது. 2021 இல் அமெரிக்காவில் கேக் மிக்ஸோடு தொடர்புபட்ட ஈகோலை என்ற கிருமித் தொற்றில் 12 மாநிலங்களில் 16 பேர் நோயுற்றார்கள், பெரும்பாலும் பிள்ளைகள், அவர்களில் பலர் பச்சைக் கலவையைச் சாப்பிட்டவர்கள். ஊர்க்கோழி முட்டை என்றால் ஓட்டில் எச்சம் ஒட்டியிருக்கும், உடைப்பதற்குச் சற்று முன் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள்.

இனிப் பழத்துக்கு வருவோம். பெட்டியின் முகப்பில் அன்னாசியும் மாம்பழமும் பளபளக்கும். திருப்பிப் பாருங்கள், பொருட்பட்டியலில் எடை கூடியது முதலில் வரும், அங்கே சீனியும் கோதுமை மாவும்தான் முன்னுக்கு நிற்கும், பழத்தின் இடத்தில் வாசனையும் நிறமூட்டியும் இருக்கும். பல மிக்ஸ்களில் 100 கிராமுக்கு 40 கிராம் அளவில் சீனி. நம் நாட்டு விதிப்படி 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தாலே, சீனி கூட என்று காட்டும் சிவப்பு நிறக் குறி போட வேண்டும். அதனால் மேலதிகமாக ஒரு கரண்டி சீனியும் போடாமல் உண்மையான பழத்தைச் சேருங்கள், மாம்பழக் காலத்தில் பழத்துக்கா பஞ்சம்!

நன்றாகக் கனிந்த கறுத்தக்கொழும்பான் இரண்டு மூன்றைக் கழுவித் தோல் சீவி, சதையை வழித்து மசித்து, சின்ன நெருப்பில் குமிழி விட்டுக் கொதிக்கும்வரை கிண்டுங்கள். கொதித்தபின் இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும், மணம் மாறி நிறம் ஆழமாகும்போது இறக்கி நன்றாக ஆறவிட்டு அரைத் தேசிக்காய் பிழியுங்கள். பெட்டியில் ஒரு கப் தண்ணீர் என்றிருந்தால் அதற்குப் பதிலாக இந்தக் கூழ் ஒரு கப், இறுக்கமாக இருந்தால் கொதித்தாறிய தண்ணீர் இரண்டு கரண்டி. பச்சையாகப் பழத்தை வெட்டிப் போட்டால் அந்த ஈரம் கேக்கின் நடுவில் தங்கும், மறுநாளே புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். காய்ச்சிப் போடச் சொல்வது அதற்காகத்தான். மேலே ஜெலி ஊற்றுகிறவர்கள் பச்சை அன்னாசியோ பப்பாசியோ போட வேண்டாம், அவற்றிலுள்ள நொதியம் ஜெலியை உறைய விடாது. காய்ச்சிய பழமோ பேணிப் பழமோ என்றால் பிரச்சினையில்லை. (பாலைப்பழத்தைக் கேக்கில் போடலாமா என்று கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், அது காட்டோரம் வாங்கி அப்படியே தின்ன வேண்டிய பழம்.)

350 பாகை பரனைற் என்றால் நமக்கு 175 செல்சியஸ். அவண் இல்லாதவர்கள் கனமான சட்டியில் மணல் பரப்பி மூடிச் சூடாக்கி உள்ளே தட்டை வைக்கலாம், சூடு ஒரே சீராக வராது என்பதால் நேரத்தை நம்பாமல் நடுவில் ஈர்க்கு குத்திப் பாருங்கள். ஈரக் கலவை ஒட்டினால் இன்னும் வேகவில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது வெந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான். கிறீம் பூசி, பழத் துண்டு அடுக்கி, நாலு மணிக்கே மேசையில் வைத்துவிட்டு, மாமா வரட்டும், படம் எடுக்கிறவர் வரட்டும் என்று ஏழு மணிவரை காத்திருக்கிறோம். 32 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு என்றால் இப்படியான உணவு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பால் கிறீமே வேண்டாம். வெறும் கேக்கை ஆறவைத்து மூடி வையுங்கள், வெட்டும் நேரத்தில் பழத்தை நறுக்கி மேலே போடுங்கள், அதுவே வடிவாக இருக்கும். மிச்சத்தை அடுத்த நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

கேக் சாப்பிட்ட பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிப் பொதி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் நீரேற்றும் உப்புத் தூள்) ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரத்தம் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்தாலோ கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து மறிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கேக் பெட்டியையும் எறியாதீர்கள், அதிலுள்ள தொகுதி இலக்கம் உங்கள் பகுதிப் பரிசோதகருக்குத் தேவைப்படும்.