பெனோனி: துயரத்தின் மகன்

சதுரங்கத் தொடக்கங்களுக்கு, அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களின் வரிசைகளுக்கு, பெரும்பாலும் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோதான் இருக்கும். சிசிலியன், பிரெஞ்சு, அலெகைன் என்று நீளும் பட்டியலில் பெனோனி எந்த வரைபடத்திலும் அகப்படாது. அது எபிரேயச் சொல்: 'பென்' என்றால் மகன், 'ஓனி' என்றால் என் துயரம். தமிழ் விவிலியத்திலேயே இருக்கிறது. பிள்ளை பெற்று உயிர் பிரியும் நேரத்தில் ராகேல் அந்தக் குழந்தைக்குப் பெனொனி என்று பேரிடுகிறாள். தகப்பன் யாக்கோபு பென்யமீன் என்று மாற்றிவிடுகிறான் (ஆதியாகமம் 35:18).

சரி, சதுரங்கத்துக்குள் எப்படி வந்தது? மனச்சோர்வு வரும்போதெல்லாம் சதுரங்கத்தில் ஆறுதல் தேடிய ஆரோன் ரைங்கானும் என்பவர், 1825-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய ஆட்ட நூலுக்குப் 'பென்-ஓனி' என்று பெயர் வைத்தார். அதில் அவர் அலசிய ஒரு தொடக்கத்தோடு நூலின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இந்தத் தொடக்கத்தில் வெள்ளைச் சிப்பாய் பலகையின் நடுவே டி5 கட்டத்தில் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். கறுப்புக்கு மூச்சுவிட இடம் குறைவு, டி6 சிப்பாயும் நிரந்தரத் தலைவலி. பதிலுக்கு, நவீன பெனோனி என்ற வகையில் கறுப்புக்கு ராணிப் பக்கம் இரண்டு சிப்பாய்க்கு எதிராக மூன்று கிடைக்கும். நீண்ட மூலைவிட்டம் ஜி7 மந்திரியின் வசம். 1950-களில், பின்னாளில் உலகச் சாம்பியனான மிகைல் தால் இதை வைத்துப் பலரை மிரட்டினார்.

1972, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக். அப்போதைய சாம்பியன் சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கிக்கும் அமெரிக்காவின் பாபி ஃபிஷருக்கும் இடையே உலகப் பட்டத்துக்கான போட்டியின் மூன்றாம் ஆட்டம். 0-2 என்று பின்தங்கியிருந்த ஃபிஷர், பார்வையாளர்கள் இல்லாத பின்னறையில் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்து பெனோனி ஆடினார். 11-ஆவது நகர்த்தலில் குதிரையை எச்5 ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். ஸ்பாஸ்கி அதை மந்திரியால் வெட்ட, ஃபிஷர் சிப்பாயால் திருப்பி வெட்டினார். தன் ராஜாவின் முன்வேலியைத் தானே பிய்த்துக்கொண்டார் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். ஆனால் ஜெயித்தது அவர்தான். ஸ்பாஸ்கிக்கு எதிராக அவருடைய முதல் வெற்றி அது.

ஆங்கிலத்தில் இதற்கு 'பெனோனி டிஃபென்ஸ்' என்று பெயர். இதைப் போய்த் தமிழில் 'தற்காப்பு', 'தடுப்பாட்டம்' என்று எழுதுவது எனக்கு ஒட்டவில்லை. சதுரங்கத்தில் 'டிஃபென்ஸ்' என்பது பெரும்பாலும் கறுப்பு தேர்ந்தெடுக்கும் பதில்தான். பதுங்கி நிற்பது என்ற பொருள் அதில் இல்லை. 'எதிராட்டம்' என்றால் கச்சிதமாக இருக்கும்: பெனோனி எதிராட்டம், சிசிலியன் எதிராட்டம். பெனோனியைத் தமிழாக்கித் 'துயரமகன்' என்று சொல்ல வேண்டாம். அந்தப் பெயர் வேண்டாமென்று யாக்கோபே மாற்றிவிட்டானே!