பற்றரி இல்லாத அட்டையும் சிக்னல் தேடும் ஃபோனும்

1990களில், போர்க்காலத்தில், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. மின்சாரமும் இல்லை. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி ஒருவர் பெடலைச் சுற்றுவார். சில்லோடு உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். அந்த டைனமோவுக்குள் இருந்தவை ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளுந்தான். காந்தம் சுழலும்போது சுருளை ஊடறுக்கும் காந்தப்புலம் மாறுகிறது. மாறும் புலம் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபரடே 1831இல் கண்டுபிடித்த விதி இது. இன்று கிளிநொச்சி ரவுணில் வங்கி அட்டையைக் கடையில் காசு கட்டும் மிசினுக்குக் கிட்டப் பிடித்ததும் 'பீப்' என்று கேட்கிறதே, அதற்கும் இதே விதிதான் காரணம்.

தொடாமல் காசு கட்டும் அட்டைக்குள் பற்றரி கிடையாது. பிளாஸ்டிக் படைகளுக்கு நடுவில் மெல்லிய கம்பி சில சுற்றுகள் ஓடுகிறது. அது ஒரு சின்னஞ்சிறு சிப்போடு இணைந்திருக்கிறது. மிசினுக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அதில் ஓடும் மின்னோட்டம் செக்கனுக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தடவை அலைகிறது, அதாவது 13.56 மெகாஹேர்ட்ஸ். இங்கே பெடல் சுற்ற ஆள் தேவையில்லை. அந்த அலைவு உண்டாக்கும் மாறும் காந்தப்புலத்துக்குள் அட்டை வந்தவுடன் அதன் சுருளில் மின்சாரம் பிறந்து சிப் விழித்துக்கொள்கிறது.

சிப் பதில் சொல்லும் விதம் இன்னும் அழகானது. அதனிடம் சொந்தமாக அலை அனுப்பும் வலு இல்லை. ஆகவே தன் சுருளில் ஒரு சுமையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறது. இருட்டில் சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும், டைனமோவைச் சில்லோடு சேர்த்து லைற்றைப் போட்டதும் பெடல் கொஞ்சம் கனக்கும். அதேபோல அட்டை சுமையை மாட்டும்போதெல்லாம் மிசினின் சுருளுக்கு ஒரு சிறு 'கனம்' தெரிகிறது. கனம், கனமில்லை என்ற அந்த ஏற்ற இறக்கத்தை ஒன்றும் பூச்சியமுமாக மிசின் வாசித்துக்கொள்கிறது.

இதெல்லாம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றருக்குள் நடக்கவேண்டும். சுருளின் அளவைத் தாண்டி விலகினால், தூரம் இரண்டு மடங்காகும்போது புலம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சந்தை நெரிசலில் எட்ட நின்று ஒருவன் அட்டையிலிருந்து காசை உருவிவிடுவான் என்று பரவும் வட்ஸ்அப் எச்சரிக்கைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். பேர்ஸுக்குள் இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தால் மிசின் இரண்டின் குரலையும் ஒன்றாகக் கேட்டுக் குழம்பி, ஒன்றை மட்டும் காட்டச் சொல்லும்.

அந்த அரைச் செக்கனில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? அட்டை தன் இலக்கத்தையும் முடிவுத் திகதியையும் சொல்கிறது. பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்கங்களை அது சொல்வதில்லை. மிசின் தொகையையும், அந்தக் கணத்தில் எழுந்தமானமாக உருவாக்கிய ஓர் எண்ணையும் கொடுக்கிறது. சிப் அவற்றோடு, ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒன்று கூடும் தன் எண்ணியையும் சேர்த்து, உள்ளே பூட்டி வைத்திருக்கும் இரகசியச் சாவியால் ஒரு குறியீட்டைச் செய்து கொடுக்கிறது. அடுத்த தடவை எண்கள் மாறிவிடுவதால், இந்தக் குறியீட்டை யாராவது பதிவுசெய்து வைத்தாலும் இன்னொரு தடவை பாவிக்க முடியாது. சாவி மிசினுக்குத் தெரியாது. அட்டையைத் தந்த வங்கிக்குத்தான் தெரியும். அதனால் மிசின் தன் சிம் வழியாக வங்கியிடம் கேட்டு, "சரி" என்ற பதில் வந்த பிறகே பற்றுச்சீட்டை அடிக்கிறது. (அந்தச் சீட்டில் மை கிடையாது, சூட்டால் கறுக்கும் தாள். கடும் சூடு பட்டால் கணக்கு முழுக்கக் கறுத்துப் போகலாம்.)

ஆக, அட்டைக்காரர் வெறுங்கையோடு வரலாம். பற்றரி, சிக்னல், பேப்பர் ரோல், மிசினுக்கான செலவு எல்லாம் கடைக்காரர் தலையில்.

ஃபோனால் காசு கட்டுவது என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஃபோனையே அட்டைபோல மிசினில் காட்டுவது. ஆப்பிள் பே 2014இல் வந்தது அப்படித்தான். காந்தப்புலமும் குறியீடும் மேலே சொன்னவைதான்; ஆனால் ஃபோன் உங்கள் உண்மையான அட்டை இலக்கத்தை மிசினுக்குச் சொல்வதில்லை. அந்த ஃபோனுக்கென்று கொடுத்த மாற்று இலக்கத்தைச் சொல்கிறது. கைரேகையோ முகமோ காட்டினால், அல்லது இரகசிய இலக்கம் கொடுத்தால்தான் திறக்கும் என்பதால் தொலைந்த அட்டையைவிடத் தொலைந்த ஃபோன் பயம் குறைந்தது. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் மேல். ஆனால் இதற்கும் கடையில் மிசின் வேண்டும்.

வன்னியின் சின்னக் கடைகளுக்குப் பொருந்துவது மற்ற வழி, ஃபோன் கமராவால் வாசிக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரமான கியூஆர். இந்தச் சதுரத்தை ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. இலங்கை மத்திய வங்கி 2018இல் லங்கா கியூஆர் என்ற பொதுத் தரத்தை வகுத்ததால் அதில் சேர்ந்த எந்த வங்கியின் செயலியாலும் அந்தத் தரத்திலுள்ள எந்தக் கடையின் சதுரத்தையும் வாசிக்கலாம். கடை மேசையில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளில் இரகசியம் ஒன்றுமில்லை. கடையின் பெயர், ஊர், வணிகர் இலக்கம், இலங்கை ரூபாய்க்கான 144 என்ற எண், கடைசியில் எல்லாம் சரியாக வாசிக்கப்பட்டதா என்று சோதிக்க நான்கு எழுத்து. இவ்வளவுதான். மேலதிகத் தரவும் கணக்குப்போட்டுச் சேர்த்திருப்பதால் செம்மண் தூசி கொஞ்சம் படிந்தாலும், கொஞ்சம் கீறுப்பட்டாலும் வாசிக்கும். மிகக் கூடிய தரத்தில் ஏறக்குறைய 30 வீதம் வரை சேதத்தைத் தாங்கும்.

இங்கே சுமை தலைகீழாகிறது. கடைக்காரரிடம் லமினேட் செய்த ஒரு தாள். ஃபோன், பற்றரி, டேட்டா எல்லாம் சாமான் வாங்க வந்தவருடையது. வன்னியை ஊடறுத்துப் போகும் ஏ9 பெருவீதியோரம் இது பிரச்சினையில்லை. வீதியை விட்டு வயலும் காடுமாக உள்ளே போகும்போதுதான் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். வன்னியில் ஃபோன் ரவர்கள் பரவலாக எழுந்ததே 2009க்குப் பிறகு. டேட்டா இல்லாத பட்டன் ஃபோனுக்கு 2012இல் டயலொக் தொலைபேசி நிறுவனம் தொடங்கிய ஈஸி கேஷ் போன்ற வழியொன்று உண்டு. அது இணையத்தைத் தொடாமல், அழைப்பை ஏற்படுத்தும் அதே சமிக்ஞைத் தடத்தில் சிறு எழுத்துத் துண்டுகளாகப் பேசுகிறது. பலவீனமான சிக்னலில் செயலி சுற்றிக்கொண்டே நிற்க, அது வேலையை முடித்துவிடுவதுண்டு.

தாளில் இரகசியம் இல்லை என்பதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கடையின் சதுரத்துக்கு மேல் வேறொருவன் தன் சதுரத்தை ஒட்டிவிட்டுப் போனால் தாளுக்குத் தெரியாது. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை வாசிப்பதுதான் அதற்கு மருந்து. கடைக்காரருக்கு வேறு தலையிடி. "அண்ணை, போட்டுட்டன், பாருங்கோ" என்று காட்டப்படும் திரை பழைய ஸ்கிரீன்ஷொட்டாகவும் இருக்கலாம். "மெசேஜ் இன்னும் வரேல்லை தம்பி, கொஞ்சம் நில்லும்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த மெசேஜ் வரக் கடைக்காரரின் ஃபோனுக்கும் சிக்னல் வேண்டும் என்பதால், தாள் மட்டும் போதும் என்ற கணக்கு இந்த இடத்தில் கொஞ்சம் இடறுகிறது.

என்னைக் கேட்டால், நாளுக்குச் சில நூறு ரூபாய் வியாபாரங்கள் நடக்கும் கடைக்கு கியூஆர் போதும். பென்சன் எடுக்கும் அம்மாவுக்கு அட்டைதான் சுகம். செயலி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், ஒரு தொகைக்கு மேல் போனால் இரகசிய இலக்கத்தை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நடுவில் சிக்னல் அறுந்தால் இரண்டும் வேறுவேறாக நடந்துகொள்ளும். வங்கியின் பதில் கிடைக்காத மிசின், தொடர்பு திரும்பியதும் அந்தக் கொடுப்பனவை ரத்துசெய்யும்படி தானே செய்தி அனுப்பும். கழிந்த காசு கணக்குக்குத் திரும்ப நாளெடுக்கலாம். கியூஆரில் கட்டளை ஃபோனிலிருந்து வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும், பதில் மட்டும் உங்களிடம் வந்திருக்காது. அவசரப்பட்டு இரண்டாம் தடவை ஸ்கேன் செய்தால் இரண்டு தடவை காசு போகும். வெளியே வந்து சிக்னல் பிடிக்கும் இடத்தில் செயலியின் கொடுக்கல் வாங்கல் பட்டியலைத் திறந்து பாருங்கள். காசு கழிந்திருந்தால் அங்கே அந்தக் கொடுப்பனவுக்கென்று ஒரு குறிப்பிலக்கம் இருக்கும். அதைக் கடைக்காரரும் எழுதி வைத்துக்கொண்டால் வங்கியில் தேடிப் பிடிப்பது லேசு.